உட்கார்ந்து தூங்கியவள்

பேச்சியம்மாளுக்கு டாக்டர்கள் பலாப்பழத்தை விலக்கிய வருஷம் பண்ருட்டிப் பக்கம் பலா கொள்ளையாகக் காய்த்திருந்தது. தள்ளுவண்டியில் ஏற்றி நெய்வேலி டவுன்ஷிப்பின் பிளாக் பிளாக்காகக் கூவி விற்றார்கள். மத்தியான வெயிலில் தெருவெல்லாம் அந்த வாசனைதான். மாடசாமி பழக்கதோஷத்தில் ஒரு பழத்தை வாங்கிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் பெண்டாட்டியைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. பழத்தை இறக்காமல் அப்படியே நின்றார்.

"நிக்கியளே, இறக்குங்க. நாந்தான திங்கக் கூடாது? தெருவுல பிள்ளைய இல்லையா?" என்றாள் பேச்சியம்மாள்.

கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அவளே பழத்தைப் பிளந்தாள். சுளைகளை எடுத்துத் தட்டுத் தட்டாக அக்கம்பக்கத்துக்கு அனுப்பினாள். ஒரு சுளையைக்கூட அவள் முகர்ந்து பார்க்கவில்லை. அதில் தியாகம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளாகவே எதைத் தின்றாலும் செம்புக் காசைச் சப்பின மாதிரி வாயில் ஒரு ருசி நின்றது.

இருவருக்கும் ஊர் கோவில்பட்டிப் பக்கம். சுரங்கம் வெட்ட ஆரம்பித்த காலத்திலேயே மாடசாமி வேலைக்கு வந்துவிட்டார். நிலத்தடி நீர் இறைக்கும் பிரிவில் பம்பு ஆபரேட்டர். பூமிக்குள் கரிக்குக் கீழே தண்ணீர் மேலே வர முண்டிக்கொண்டு நிற்கிறது. ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். தீபாவளி, பொங்கல், ஸ்டிரைக் எதுவானாலும் அந்த பம்புகள் நிற்காது. ஒரே மகள் சுப்புலட்சுமியைப் போன வருஷம் ஊர்ப்பக்கமே கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

அந்த எண்பத்தைந்தாம் வருஷச் சித்திரையில் பேச்சியம்மாளுக்குக் கால் வீங்கியது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மறுபடியும் எடுத்தார்கள். பிறகு டாக்டர் மாடசாமியைத் தனியாகக் கூப்பிட்டு, மெட்ராஸுக்குப் போகச் சொன்னார். வெளியே தெரியாமல் பல வருஷமாக இருந்த ரத்தக்கொதிப்பு இரண்டு சிறுநீரகத்தையும் சுருக்கிவிட்டிருந்தது.

மெட்ராஸில் பார்த்த டாக்டர் ஒரு பெண். கண்ணகி என்று பெயர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தலையில் அதற்குள் பாதி நரை. எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். சிறுநீரகம் இரண்டும் இனித் திரும்பாது. ரத்தத்தை வெளியே எடுத்து மிஷினில் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடவேண்டிய காலம் வரும். அதற்குப் பிறகு ரத்த சொந்தத்தில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் மாற்றிப் பொருத்தலாம்.

"எங்க அக்கா இருக்கா. இசக்கியம்மா. கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டா," என்றாள் பேச்சியம்மாள்.

"அவங்களையும் பாத்துக்கலாம். அதுக்கு மாசக்கணக்காகும். அதுவரைக்கும் மிஷின்தான்."

"அப்பம் இன்னைக்கே போட்டுருங்கம்மா," என்றார் மாடசாமி. "தண்ணி மேல வரட்டும், பொறவு பம்பு போடலாம்னு எங்க வேலையில ஒருத்தனும் இருக்க மாட்டான்."

டாக்டர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"உங்க வேலையில அது சரிங்க. இங்க அப்படி இல்ல. இதே ரிப்போர்ட்டோட ஒருத்தர் ஆபீஸுக்குப் போயிட்டு வர்றார். இன்னொருத்தர் எழுந்திருக்க முடியாமக் கிடக்கார். ரிப்போர்ட்டுல ஏறுற எண்ணை மட்டும் வெச்சு நாள் குறிக்க முடியாது. ஆரம்பிச்சா வாரத்துல ரெண்டு நாள் இங்க படுக்கணும். வீட்டை விட்டுட்டு மெட்ராஸ்லயே தங்கணும். சில நாள் பிரஷர் இறங்கும், வாந்தி வரும், கைகால் இழுக்கும். இப்ப இவங்க சமைக்கிறாங்க, நடக்கிறாங்க, பேசறாங்க. அந்த நாளை நான் எதுக்கு இப்பவே பிடுங்கணும்?"

"அப்பம் எப்பம்மா?"

"உடம்பு சொல்லும். சோத்தைப் பாத்தாலே குமட்டினா, பேச்சு குழறினா, தூக்கமும் முழிப்பும் மாறிப்போனா எங்கிட்ட சொல்லுங்க. ஆனா படுத்தா மூச்சு முட்டுதுன்னு ஆச்சுன்னா ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அன்னைக்கே கிளம்பி வந்துடணும். நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டா அப்புறம் நான் கையைப் பிசைய வேண்டியதுதான்."

இத்தனையும் கேட்டுவிட்டு பேச்சியம்மாள் வேறொன்று கேட்டாள்.

"இத்தன வருசமா அது உள்ள என்னம்மா செஞ்சிக்கிட்டுக் கிடந்துது?"

டாக்டர் கண்ணகி அவளை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"நீங்க அரிசி களைஞ்சு உலையில போடுறீங்கல்ல, அந்த நேரத்துக்குள்ள உங்க ஒடம்புல இருக்கிற ரத்தம் முழுக்க ஒரு தடவை அது வழியாப் போய்ட்டு வந்துடும். அம்மா வயித்துல இருக்கிறப்பவே வேலையை ஆரம்பிச்சிடுது. நீங்க தூங்கறப்பவும் அது தூங்குறதில்ல. எதை வெச்சுக்கணும், எதை வெளிய தள்ளணும்னு ஒவ்வொரு சொட்டுலயும் பாக்கும். ரெண்டு கைமுட்டி அளவு இருக்கும், அவ்வளவுதான். அது பண்றதுல கொஞ்சத்தைப் பண்றதுக்கு இங்க எங்களுக்கு இத்தாம் பெரிய மிஷின் வேண்டியிருக்கு."

பேச்சியம்மாளின் கை தானாகப் பின்னால் போய் இடுப்புக்கு மேலே தங்கியது.

"ஒருநாளும் ஒரு சத்தம் குடுத்ததில்லையே," என்றாள்.

ஊர் திரும்புமுன் இடது மணிக்கட்டில் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்தார்கள். ரத்தக்குழாய் இரண்டை உள்ளே ஒன்றாகச் சேர்த்துத் தைப்பது. மிஷினின் ஊசி போட நரம்பு தடிக்க வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும், வேண்டிய நாளில் தயாராக இருக்கட்டும் என்றார் டாக்டர். தையல் ஆறியதும் அந்த இடத்தில் ஓர் அதிர்வு வந்தது. விரல் வைத்தால் கிர்ரென்று உள்ளே ஓடும். காதை வைத்தால் சத்தமே கேட்கும்.

எதிர் குவார்ட்டர்ஸ் ருக்குமணிதான் அதை முதலில் தொட்டுப் பார்த்தவள். கம்மாபுரம் பக்கத்துக்காரி. அவள் அப்பனும் அம்மாவும் ஊராருடைய நிலத்தில் நாற்று நட்டு, அறுத்து, காலம் கழித்தவர்கள். புருஷன் கலியன் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, அந்த வருஷம்தான் பெர்மனென்ட் ஆகி குவார்ட்டர்ஸ் வாங்கி வந்திருந்தான். வந்த புதிதில் ருக்குமணி கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை பேச்சியம்மாள் வாங்கி, யாருக்கும் தெரியாமல் பின்பக்கம் கொட்டினாள். அது ருக்குமணிக்குத் தெரியும். தெரிந்தும் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தாள். கால் வீங்கிய பிறகு தண்ணீர் பிடித்துக் கொடுத்ததும், காய் நறுக்கி இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உப்பில்லாமல் கூட்டு வைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

"ஐயய்ய, என்னாக்கா இது! உள்ள வண்டு பூந்துகினு சுத்துது!" என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள் ருக்குமணி. பிறகு மெதுவாக மறுபடியும் வைத்தாள். "வலிக்குதாக்கா?"

"வலியெல்லாம் இல்ல. ராத்திரி தலைக்குக் கையை வச்சுப் படுத்தா, பக்கத்துல ஆள் இருக்க மாதிரி இருக்குளா."

பிளாக்குப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆவணியில் சுப்புலட்சுமியை வளைகாப்பு முடித்து அழைத்து வந்தார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஐப்பசியில் நாள் சொல்லியிருந்தார்கள். மகள் வந்த நாளிலிருந்து பேச்சியம்மாளுக்குப் புதுத் தெம்பு வந்ததுபோல் இருந்தது. சுக்கும் மிளகும் திப்பிலியும் வாங்கி வெயிலில் காயப் போட்டாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்து கிண்டுவதற்குப் பனங்கருப்பட்டி ஊரிலிருந்து வந்தது. பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தாள்.

மாடசாமி தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்பார்.

"சாப்பிட்டியா?"

"அப்பமே ஆச்சு."

"மூச்சு?"

"மூச்சுக்கு என்ன? விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

டவுன்ஷிப் ஆஸ்பத்திரி டாக்டரும் ரத்தம் எடுக்கிற நாளிலெல்லாம் கேட்டார். "படுத்தா மூச்சு முட்டுதா?" அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "இல்ல சார்," என்றாள். சேலையைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டாள். புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி, மகள் பக்கத்தில் படுப்பதை விட்டு அடுப்படிக்குப் பாயைக் கொண்டுபோனாள்.

புரட்டாசி முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம், சுப்புலட்சுமி முன் அறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ருக்குமணி முருங்கைக்கீரை உருவிப் போட்ட முறத்தோடு பின்கதவு வழியாக வந்தாள். அடுப்படியில் பாய் சுருட்டினபடியே மூலையில் இருந்தது. பேச்சியம்மாள் மணையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அரிசி டின். டின்னின் மேல் தலையணை. அதில் நெஞ்சைச் சாய்த்து, வாயைத் திறந்து, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கின.

ருக்குமணி முறத்தைக் கீழே வைத்த சத்தத்தில் விழித்துக்கொண்டாள்.

"என்னாக்கா இப்பிடி உக்காந்துகினு தூங்கற? பாயப் போட்டுப் படுக்கறதுதான?"

"படுத்தா அமுக்குதுளா." தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டாள். சொன்னது காதில் விழுந்ததும் முகம் மாறிற்று. ருக்குமணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஏ ருக்கு, யாருட்டயும் சொல்லிராத. இன்னும் கொஞ்ச நாளு. பிள்ள பெத்து எந்திரிக்கட்டும். பொறவு எங்க வேணா வாரேன். மெட்ராஸுக்குப் போனா யாரு அவளுக்குப் பாப்பா? நான் தலைப்பிள்ளையப் பெத்தப்பம் எங்கம்மா இல்ல. வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். எம்பிள்ளைக்கும் அது வேண்டாம்."

ருக்குமணி கீரையை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் வீட்டில் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. கலியன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

"என்னா ஆச்சு உனக்கு?"

சொன்னாள். கலியன் கையைக் கழுவிவிட்டு வந்தான்.

"நீ போயி சொன்னா, அந்தம்மா அப்புறம் உன் மூஞ்சியில முழிக்காது."

"முழிக்காம உசுரோட இருக்கட்டுமே," என்றாள் ருக்குமணி.

சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் சைக்கிளில் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். பிளாக் முனையில் நின்று மாடசாமியை மறித்தாள்.

"அண்ணே, அக்கா படுத்துத் தூங்கறது இல்லீங்க. உக்காந்துகினேதான் தூங்குதுங்க. எவ்ளோ நாளாவோ தெரியல."

மாடசாமி சைக்கிளிலிருந்து இறங்கினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். ருக்குமணியும் பின்னால் போனாள். தான் சொன்னதற்குத் தான் முன்னால் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

பேச்சியம்மாள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மாடசாமி ஈரத்தோடு உள்ளே வந்தார். பாயை எடுத்து விரித்தார்.

"பேச்சி, இதுல கொஞ்சம் படு."

"விளக்கு வைக்கிற நேரத்துல என்னத்துக்குப் படுக்கச் சொல்லுதிய?"

"எனக்காவப் படு."

அவள் அவரைப் பார்த்தாள். வாசலில் சாக்கோடு நிற்கும் ருக்குமணியைப் பார்த்தாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பாயில் போய் மல்லாந்து படுத்தாள். கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான். தண்ணீரில் முங்கினவள் மேலே வருவதுபோல் துள்ளி எழுந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, வாயால் காற்றை வாரி வாரி இழுத்தாள். நெஞ்சுக்குள் கொறகொறவென்று கேட்டது.

சுப்புலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்த மாதிரி வந்து அம்மாவின் முதுகைத் தடவினாள். அவள் அழவில்லை.

"பிரசவம் பாக்க ஆஸ்பத்திரியில நர்ஸ் இருக்காவம்மா. எனக்கு நீ வேணும். கிளம்பு."

மூச்சு கொஞ்சம் திரும்பியதும் பேச்சியம்மாள் வாசலைப் பார்த்துச் சொன்னாள்: "சொல்லிட்டல்லா." அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வந்து ஏறும்வரை ருக்குமணியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஆக்சிஜனோடு, மாடசாமியின் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே வடலூரையும் பண்ருட்டியையும் தாண்டினாள். வழியெல்லாம் மழை. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தூக்கிப்போட்டது. மாடசாமி அவள் மூச்சோடு சேர்த்துத் தன் மூச்சை விட்டுக்கொண்டு வந்தார். அவள் தவறவிட்டால் தான் இழுத்துவிடலாம் என்பதுபோல.

டாக்டர் கண்ணகி நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். புதிய ரிப்போர்ட்டைக் கேட்கக்கூட இல்லை.

"இன்னைக்குத்தாங்க ஆரம்பிக்கணும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா என் கையில இருந்திருக்காது. யார் கவனிச்சது?"

"எதிர் வீட்டுப் பிள்ள ஒண்ணும்மா," என்றார் மாடசாமி.

ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து ஆக்சிஜன் மூடிக்குள் இறங்கியது.

மிஷின் இருக்கிற அறைக்குள் வேறு யாரையும் விடுவதில்லை. மாடசாமி கதவை விட்டு நகராமல் நிற்பதைப் பார்த்து, கொஞ்ச நேரம் உள்ளே வரட்டும் என்றார் டாக்டர். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

சுரங்கத்தில் நாலு மாடி உயரச் சக்கரம் மண்ணைக் கடித்துக் கடித்துத் தின்பதை அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து பார்த்துவருகிறார். இந்த மிஷின் ஒரு துணி பீரோ அளவுதான் இருந்தது. மணிக்கட்டில் தடித்திருந்த நரம்பில் இரண்டு ஊசி ஏற்றினார்கள். பேச்சியம்மாள் உதட்டைக் கடித்தாள். நர்ஸ் ஒரு பொத்தானைத் திருப்பினாள். சின்ன உருளை ஒன்று சுற்ற ஆரம்பித்தது. வெறுமையாக இருந்த குழாயில் சிவப்பாக ஒன்று நடந்து வந்தது.

அவருக்கு முதலில் பயம்தான் வந்தது. வெட்டுக்காயத்திலும் விபத்திலும் பார்த்திருக்கிறார். வெளியே போன ரத்தம் போனதுதான். இங்கே அது போயிற்று. உடம்பை விட்டு, கட்டிலை விட்டு, ஒரு கை நீளம், இரண்டு கை நீளம். கண்ணாடிபோன்ற இன்னோர் உருளைக்குள் நுழைந்து அதை மேலிருந்து கீழ்வரை சிவக்க வைத்தது. அந்தப் பக்கமாக வெளியே வந்தது. வளைந்து, இறங்கி, மறுபடியும் அவள் கைக்குள் போனது. போன ரத்தம் திரும்பிப் போனது. அவள் அப்போதும் கண்ணைத் திறந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் கைகூப்பி நிற்பது அவருக்கு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது.

"ஐயா, கும்பிட்டுக்கிட்டு வழியில நிக்காதீங்க," என்றாள் நர்ஸ் தணிந்த குரலில்.

முதல் தடவை கொஞ்ச நேரம்தான் வைத்தார்கள். மறுநாள் மறுபடியும். கோத்திருந்த தண்ணீர் இறங்க இறங்க, நெஞ்சில் கேட்ட சத்தம் நின்றது. அன்று சாயங்காலம் நர்ஸ் கட்டிலின் தலைமாட்டைத் தணித்தாள். பேச்சியம்மாள் நம்பிக்கை இல்லாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்தாள். சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். மழைக்காலத்து மண் மாதிரிக் கிடந்தாள். மாடசாமி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மல்லாந்து படுத்துத் தூங்கும் ஒரு மனுஷியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இது இத்தனை பெரிய காரியம் என்று அவருக்குத் தெரியாமலே போயிருந்தது.

கலியன் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது ஐப்பசி பிறந்திருந்தது. வார்டு வாசலில் குடையை மடக்கக்கூட மறந்து நின்றான்.

"பொண்ணு பொறந்துருக்குதுங்க. சுகப்பிரசவம். தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வூட்டுக்குக் கூட்டியாந்துட்டோம்."

மாடசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சியம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"கூட யாரு இருக்கா?"

"எங்க வூட்டுக்காரிதாங்க. ராவும் பகலும் அங்கியேதான் கெடக்குது. நீங்க காய வெச்சிருந்தீங்களே சுக்கு மொளகு, அதை அதுதான் இடிச்சு, சுப்புலட்சுமி பாப்பா சொல்லச் சொல்ல கருப்பட்டி போட்டுக் கிண்டிக் குடுத்துச்சு. புள்ளையும் அதுதான் குளிப்பாட்டுது."

பேச்சியம்மாள் போர்வையின் ஓரத்தை விரலால் நிமிண்டிக்கொண்டே இருந்தாள்.

"காலை நீட்டிப் போட்டுத்தான குளிப்பாட்டுதா? தலைக்கு எண்ணெய் வச்சாளா?"

"வெச்சுதுங்க."

"காதுக்குள்ள தண்ணி போவாமப் பாக்கச் சொல்லு." கொஞ்சம் பொறுத்து, "ருக்கு எதும் சொல்லிவிட்டாளா?" என்றாள்.

கலியன் தயங்கினான். "அக்கா படுத்துத் தூங்குதான்னு பாத்துகினு வரச் சொல்லுச்சு."

"தூங்குதேன்னு சொல்லு," என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா இசக்கியம்மாள் பரிசோதனைக்குக் கோவில்பட்டியிலிருந்து வருவதாக இருந்தது. அவளுடைய சிறுநீரகம் பொருந்தும் என்பதும், மறு வருஷம் பேச்சியம்மாள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு பிளாக்கு முழுக்க நடப்பாள் என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது. மிஷினுக்குப் போகும் நாளும், போகாத நாளுமாக வாரம் நகர்ந்துகொண்டிருந்தது.

கலியன் ஊருக்குப் போன மறுநாள் மிஷின் முறை. பழகிவிட்டதால் நர்ஸ் மாடசாமியை ஒன்றும் சொல்வதில்லை. அவர் கால்மாட்டில் நின்றார். உருளை சுற்றிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் தன் பக்கத்தில் வளைந்து போகும் குழாயையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"இதத் தொடலாமாம்மா?"

"அழுத்தாம, சும்மா விரலை வைங்க," என்றாள் நர்ஸ்.

ஊசி இல்லாத கையை நீட்டிக் குழாயின் மேல் வைத்தாள். அவள் முகம் மாறியது. "இங்க வாங்க," என்று மாடசாமியைக் கூப்பிட்டாள். அவர் வந்தார். சுரங்கத்து எண்ணெயும் கரியும் ரேகைக்குள் ஏறிப்போயிருந்த தன் கையை வேட்டியில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார். அப்படியும் அவருக்குத் தைரியம் வரவில்லை. அவளே அந்தக் கையைப் பிடித்துக் குழாயின் மேல் வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. உயிருள்ள ஒன்றின் சூடு.

"என் ரத்தந்தான் இது," என்றாள் பேச்சியம்மாள். "எங்கம்மா குடுத்தது. சுப்பு வயித்துல கெடக்கையில அவளுக்குப் போனது. இந்தா, உங்க கையில ஓடுது."

அவர் கையை எடுக்கவில்லை.